தொங்கும் இமை: கத்திக்கு முன்னால் ஒரு வரலாறு

1646-ம் வருஷம், வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊர். ஆங்கிலேயக் குடியேறிகள் ஒரு கிழவரைப் பிடித்து வந்து காவலில் வைத்திருக்கிறார்கள். பெயர் ஒப்பெச்சன்கானோ. பவ்ஹாட்டன் பழங்குடிக் கூட்டமைப்பின் தலைவர். நமக்கெல்லாம் கார்ட்டூன் படம் மூலமாகத் தெரிந்த போகஹான்டஸுக்குச் சித்தப்பா முறை. 1622-லும் 1644-லும் குடியேறிகள்மீது இரண்டு பெரும் தாக்குதல்களை நடத்தியவர். பிடிபட்டபோது அவரால் நடக்க முடியவில்லை, பல்லக்கு மாதிரி ஒன்றில் வைத்துத்தான் தூக்கிப் போனார்கள். கண்ணையும் தானாகத் திறக்க முடியாது. பணியாட்கள் இமையைக் கையால் தூக்கிப் பிடித்தால்தான் எதிரே இருப்பவரைப் பார்ப்பார்.

இதை எழுதி வைத்தவர் ராபர்ட் பெவர்லி. 1705-ல் வந்த அவருடைய வர்ஜீனியா வரலாற்றில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. சிறையில் தன்னைச் சுற்றி ஒரே காலடிச் சத்தம் கேட்க, கிழவர் இமையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார். அவரை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி நிற்கிறது. உடனே கவர்னர் வில்லியம் பெர்க்லியை வரச் சொல்லி, நீ என் கையில் சிக்கியிருந்தால் உன்னை நான் இப்படிக் காட்சிப்பொருளாக வைத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் கேட்டாராம். கொஞ்ச நாளில் காவலாளி ஒருவன் முதுகில் சுட்டதில் இறந்துபோனார்.

பிற்காலத்து மருத்துவர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, அவருக்கு இருந்தது மயஸ்தீனியா கிராவிஸ், பதிவான வரலாற்றில் அமெரிக்காவின் முதல் நோயாளி இவர்தான் என்று எழுதினார்கள். இணையத்தில் இந்த நோயின் வரலாறு பற்றிய நிறையப் பக்கங்கள் இவரிடமிருந்துதான் தொடங்குகின்றன.

எனக்கு இதில் சம்மதம் இல்லை. பெவர்லி எழுதியது சம்பவம் நடந்து கிட்டத்தட்ட 60 வருஷம் கழித்து. கிழவருக்கு அப்போது மிக முதிர்ந்த வயது. வயதானால் இமையைத் தூக்கும் தசையின் நாண் தளர்ந்து இமை இறங்குவது ரொம்பச் சாதாரணம். மயஸ்தீனியாவின் முத்திரையே ஏற்ற இறக்கம்தான்: காலையில் தேவலை, சாயங்காலம் மோசம், ஓய்வெடுத்தால் மறுபடி தேவலை. அந்த ஏற்ற இறக்கம் பெவர்லியின் குறிப்பில் இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒரு 17-ம் நூற்றாண்டுக் கிழவரின் இமையைப் பிடித்துக்கொண்டு நான் ஏன் இவ்வளவு வாதாட வேண்டும்? இமை தொங்குவதை மட்டும் பார்த்துவிட்டுக் காரணத்தை முடிவு செய்கிற அவசரம் இன்னமும் நம்மிடம் இருக்கிறது. எங்கள் உறவில் ஒருவருக்கு இந்த நோய், கண்ணோடு நிற்கிற வகை. ஒரு பக்க இமை பாதிக் கண்ணை மூடுகிறது. "சின்ன ஆபரேஷன்தானே, தூக்கித் தைச்சுட்டா சரியாயிடும்ல?" என்று சுற்றி இருப்பவர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டார். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் எந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கும், அதைத் தோண்டிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஓய்வு நேரத்தில் தோண்டியதன் சுருக்கம்தான் இந்தப் பதிவு.

இமை எப்படி நிற்கிறது?

மேல் இமையைத் தூக்கிப் பிடிப்பது 'லெவேட்டர்' என்கிற மெல்லிய தசை. நாம் விழித்திருக்கும் நேரம் முழுக்க அது வேலை செய்துகொண்டே இருக்கும். கை காலுக்கெல்லாம் நடுவில் ஓய்வு உண்டு, இதற்கு ஓய்வு தூக்கத்தில்தான். கூடவே முல்லர் தசை என்று ஒரு குட்டித் தசை ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு உதவும். கண்ணை மூடுவது கண்ணைச் சுற்றி வளையம் போல இருக்கும் வேறொரு தசை. அதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இமை தொங்குவதை டாக்டர்கள் 'டோசிஸ்' என்பார்கள். பிறவியிலேயே லெவேட்டர் சரியாக வளராமல் இருக்கலாம். வயதில் நாண் தளரலாம். மூன்றாவது மூளை நரம்பு சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்டிருக்கலாம், அல்லது மூளை ரத்தக்குழாயில் வந்த வீக்கம் ஒன்று அந்த நரம்பை அழுத்தலாம். கடைசியாகச் சொன்னது உயிர் போகிற அவசரம். இவை எல்லாமே கண்ணாடியில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும்.

மயஸ்தீனியாவில் தசையும் நன்றாக இருக்கும், நரம்பும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்திப்பில்தான் கோளாறு. நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டும், தசையில் உள்ள ஏற்பிகள் அதை வாங்கிக்கொண்டு சுருங்கும். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பிகளைத் தாக்கினால் செய்தி பாதிதான் போய்ச் சேரும். எங்கள் பாஷையில் சொன்னால் சர்வர் ஓடுகிறது, கிளையன்ட் ஓடுகிறது, நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைகிறது. தொடர்ந்து உழைக்கிற தசைகளில் இது முதலில் தெரியும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு முதல் அறிகுறி இமையிலோ, இரட்டைப் பார்வையாகவோ வருகிறது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

1672-ல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். காலையில் நன்றாகப் பேசுவார், பேசப் பேசக் குரல் மங்கி ஒரு வார்த்தை கூட வராமல் போகும், ஓய்வுக்குப் பின் திரும்ப வரும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்ததுதான் வில்லிஸின் பெருமை. அதன்பின் 200 வருஷம் ஏறக்குறைய மௌனம். 1879-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், 1893-ல் வார்சாவில் சாமுவேல் கோல்ட்ஃபிளாம், 1895-ல் பெர்லினில் ஃபிரெட்ரிக் ஜாலி என்று வரிசையாக எழுதினார்கள். நோய்க்கு இப்போதுள்ள பெயரை வைத்தவர் ஜாலி. தசையை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டினால் அதன் சுருக்கம் படிப்படியாகக் குறைவதையும் அவர் காட்டினார். இன்றும் நரம்பியல் ஆய்வகங்களில் அந்தச் சோதனையின் வாரிசுதான் நடக்கிறது.

பெயர் வந்தது, வைத்தியம் வரவில்லை. 'கிராவிஸ்' என்றால் கடுமையானது. நோய் விழுங்கும் தசைக்கும் மூச்சுத் தசைக்கும் பரவினால் அப்போதெல்லாம் பலர் பிழைக்கவில்லை.

நஞ்சு காட்டிய வழி

திருப்பம் வந்தது விஷங்களின் பக்கத்திலிருந்து. தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் கியூராரே என்ற விஷம் நரம்பையும் கெடுக்காமல், தசையையும் கெடுக்காமல், நடுவே உள்ள சந்திப்பை மட்டும் அடைக்கிறது என்று 1850-களில் பிரான்சின் கிளாட் பெர்னார்ட் கண்டுபிடித்தார்.

இரண்டாவது விஷம் இன்றைய நைஜீரியாவில் உள்ள கலபார் பகுதியின் ஒரு கொட்டை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதை அரைத்துக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. ஸ்காட்லாந்துப் பாதிரியார்கள் மூலம் எடின்பரோவுக்குப் போன அந்தக் கொட்டையை 1855-ல் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் தானே கொஞ்சம் தின்று பார்த்து, உயிர் பிழைத்து, அனுபவத்தை எழுதினார்! அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்து ஃபைசோஸ்டிக்மின். கியூராரேவின் வேலையை இது முறிக்கும் என்று 1900-ல் வியன்னாவில் யாகோப் பால் சொன்னார்.

இந்த இரண்டு நூலையும் முடிச்சுப் போட்டவர் மேரி வாக்கர். ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் உதவி மருத்துவ அதிகாரி. பெரிய ஆராய்ச்சி நிலையம் எதுவும் இல்லை, ஏழைகளுக்கான மருத்துவமனையாக இருந்த இடம். அங்கே வருகை தந்த நரம்பியல் நிபுணர் டெரெக் டென்னி-பிரவுன், மயஸ்தீனியா பார்க்க கியூராரே விஷம் ஏறின மாதிரி இருக்கும் என்றார். அப்படியானால் கியூராரேவின் முறிமருந்தைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று வாக்கர் யோசித்தார். ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தொங்கிய இமை ஏறியது. விழுங்குவது எளிதானது. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழையபடி இறங்கியது. 1934 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் சிறு கடிதமாக வெளிவந்தது. அடுத்த வருஷம் அதே குடும்பத்தின் நியோஸ்டிக்மினையும் பயன்படுத்திக் காட்டினார். (1932-லேயே ஜெர்மனியில் லாசர் ரெமன் என்பவர் நியோஸ்டிக்மினால் ஒரு நோயாளிக்கு முன்னேற்றம் கண்டு எழுதியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.)

கத்தி படாமல் ஓர் இமை மேலே ஏறிய இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இமையில் எதுவும் மாறவில்லை. சந்திப்பில் செய்தி போய்ச் சேர்ந்தது, இமை தன் வேலையைச் செய்தது. இமைத் தசையில் பழுதில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி என்ன வேண்டும்?

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தரையில் படுத்துத் தூங்கும்போது கட்டுவிரியன் கடித்தவர் விடியற்காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் எழுவார். நல்லபாம்புக் கடியிலும் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று இமை தொங்குவது. விஷம் தாக்குவது இதே நரம்பு-தசைச் சந்திப்பை. அதனால்தான் நல்லபாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மினும் கொடுக்கிறார்கள். கட்டுவிரியனின் உறவுக்காரப் பாம்பு ஒன்று தைவானில் உண்டு. அதன் விஷத்திலிருந்து 1963-ல் சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள் பிரித்த புங்கரோடாக்சின், அசிட்டைல்கோலின் ஏற்பியில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதை வைத்து ஏற்பியைப் பிரித்தெடுக்கவும் எண்ணவும் முடிந்தது. 1973-ல் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்தது, முயல்கள் மயஸ்தீனியா போலவே சோர்ந்து விழுந்தன. எதிர்ப்புச் சக்திதான் குற்றவாளி என்று 1960-லேயே ஜான் சிம்ப்சன் ஊகித்தது நிரூபணமானது. ஸ்டீராய்டும் மற்ற எதிர்ப்புச் சக்தி மருந்துகளும் வைத்தியமானதற்கு நியாயம் கிடைத்தது.

கத்தியின் தனிக் கதை

இமை அறுவைக்கு இதைவிட நீளமான வரலாறு. ரோமாபுரியின் செல்சஸே இமைத்தோலை வெட்டிச் சுருக்குவதை விவரித்திருக்கிறார். 1883-ல் எவர்புஷ் லெவேட்டரையே கொஞ்சம் வெட்டிக் குறுக்கும் முறையைச் சொன்னார். 1909-ல் பையர், தொடையிலிருந்து எடுத்த நார்த்திசுவால் இமையை நெற்றித் தசையோடு கட்டினார். நெற்றியைச் சுருக்கினால் இமை ஏறும், கிணற்றுக் கயிறு போல. 1960-களில் நார்த்திசுவுக்குப் பதில் சிலிக்கான் குச்சியும் வந்தது.

இந்த முறைகள் எல்லாமே ஒரே அனுமானத்தில் நிற்பவை: இமை இன்று எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, நாளையும் அவ்வளவே இறங்கியிருக்கும். பிறவி டோசிஸுக்கு இது உண்மை. வயதால் வருவதற்கும் பெரும்பாலும் உண்மை. எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதற்கேற்ப வெட்டித் தைக்கலாம். மயஸ்தீனியாவில் காலை 8 மணி அளவு சாயங்காலம் 6 மணிக்குச் செல்லாது. எதை அளந்து எதை வெட்டுவது? ஓடுகிற வேரியபிளை ஒரு நிலையான எண்ணாகக் கோடில் எழுதி வைக்கிற மாதிரி இது. மருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் இமை தேவைக்கு மேல் ஏறி நிற்கும். நோய் கூடினால் மறுபடி இறங்கும்.

இன்னும் நான்கு சிக்கல்கள் உண்டு. பக்கத்து வீட்டு ஆலோசகர்கள் சொல்லாதவை.

முதலாவது, மூடுவது. கண்ணை மூடும் வளையத் தசையும் இந்த நோயில் பலவீனமாவது வழக்கம். தூக்கித் தைத்த இமையைக் கீழே இழுக்க அதற்குத் தெம்பு இல்லையென்றால் தூக்கத்தில் கண் அரைகுறையாகத் திறந்தே கிடக்கும். கார்னியா காய்ந்து புண்ணாகும். "கண்ணை இமை காப்பது போல" என்று சும்மாவா சொன்னார்கள். காப்பதுதான் இமையின் முதல் வேலை.

இரண்டாவது, இரட்டைப் பார்வை. கண்ணை அசைக்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருந்தால் இரண்டு கண்ணும் வேறு வேறு பக்கம் பார்க்கும். தொங்குகிற இமை ஒரு கண்ணை மறைப்பதால் அது தெரியாமல் இருக்கும். இமையைத் தூக்கினால் எதிரே ஒரு பஸ் இரண்டாகத் தெரியும். வண்டி ஓட்டுகிறவருக்கு எது பரவாயில்லை?

மூன்றாவது, மறுபக்கம். இரண்டு இமைக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு கட்டளைதான் போகிறது. ஹெரிங் விதி என்று பெயர். தொங்குகிற பக்கத்துக்காக மூளை கூடுதலாக உந்தும்போது மறுபக்க இமையும் அந்த உந்துதலில் நிமிர்ந்து நிற்கும். ஒன்றைச் சரி செய்தால் உந்துதல் குறையும், இதுவரை நன்றாகத் தெரிந்த மற்றது இறங்கும்.

நான்காவது, மருந்துகள். மயக்க மருந்தோடு கொடுக்கும் தசைத் தளர்த்திகள், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள், மெக்னீசியம் ஊசி ஆகியவை இந்த நோயாளிகளுக்கு ஆபத்தாகலாம். அழகு நிலையங்களில் போடும் போட்டாக்ஸும் அப்படித்தான். அது அடைப்பதும் இதே சந்திப்பைத்தான்.

அப்படியானால் ஆபரேஷனே கூடாதா?

இல்லை. இதை "அழகுக்காக" என்று ஒதுக்குவதும் அநியாயம். இமை பாப்பாவை மறைத்தால் படிக்க முடியாது, படி இறங்க முடியாது. நெற்றியைச் சுருக்கிச் சுருக்கித் தலைவலி வரும். மீட்டிங்கில் தூங்குகிறார், குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பேசுவார்கள். கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ், உலகப் பணக்காரர்களில் ஒருவர், 1975-ல் இறப்பதற்கு முந்தைய மாதங்களில் இமையை பிளாஸ்திரி ஒட்டித்தான் திறந்து வைத்திருந்தார், மேலே கறுப்புக் கண்ணாடி. காசுக்குக் குறைவில்லாத அவருக்கே அதுதான் வழி. ஜேம்ஸ்டவுன் கிழவருக்குக் கோபம் வந்தது இமை தொங்கியதற்காக அல்லவே, கூட்டம் வேடிக்கை பார்த்ததற்காக.

ஆபரேஷனுக்கு இடம் உண்டு, ஆனால் வரிசையில் கடைசியில். நான் படித்தவரை, மருத்துவ இலக்கியம் சொல்லும் வரிசை இதுதான்.

முதலில் நோய் எது என்று உறுதி செய்ய வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்யலாம், ஆனால் கண்ணோடு நிற்கும் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அது காட்டும். இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இமைமேல் ரெண்டு நிமிஷம் ஐஸ் வைத்தால் இமை ஏறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சு ஸ்கேன் எடுப்பார்கள்.

அடுத்து மருந்து. பைரிடோஸ்டிக்மின், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு வகையறா. பெரும்பாலும் இதிலேயே இமை கணிசமாக ஏறும். அதற்கடுத்து, பொறுத்திருப்பது. கண்ணில் தொடங்கும் நோய் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடம்பின் மற்ற தசைகளுக்கும் பரவுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷங்களில். அந்தக் காலத்தில் இமையை வெட்டுவது, ரெக்வயர்மென்ட் தினமும் மாறும்போது புரொடக்‌ஷனுக்கு அனுப்புவது போல.

இடைக்கால வழிகளும் உண்டு. இமையை ஒட்டும் டேப், அல்லது மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் சின்னக் கம்பி பொருத்தி இமையைத் தாங்கும் கண்ணாடி. பார்க்கப் பழைய காலத்து யோசனை, ஆனால் வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம்.

இதெல்லாம் தாண்டியும் சிலருக்கு, நோய் நீண்ட காலம் அசையாமல் நிற்கும், இமை மட்டும் ஏறாது. அவர்களுக்கு அறுவை செய்து நல்ல பலன் கண்ட அறிக்கைகள் இருக்கின்றன. கொஞ்சம் நோயாளிகளை வைத்த சிறு அறிக்கைகள்தான். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை: வேண்டுமென்றே குறைவாகத் தூக்கு. பாப்பா தெரிந்தால் போதும், இரண்டு கண்ணும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டியதில்லை. பின்னால் தளர்த்தவோ எடுக்கவோ முடிகிற சிலிக்கான் போன்ற முறைகளைப் பல கைகள் விரும்புவதும் இதனால்தான்.

என் உறவினருக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்விகளை இங்கேயும் வைக்கிறேன். கண் டாக்டரிடமும் நரம்பியல் டாக்டரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியவை, முடிந்தால் இருவரையும் ஒருவரோடொருவர் பேச வைத்து:

– என் நோய் எத்தனை மாதமாக அசையாமல் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
– மருந்தில் இன்னும் செய்து பார்க்காதது ஏதாவது பாக்கி இருக்கிறதா?
– இமையைக் கையால் தூக்கிப் பிடித்தால் எனக்கு இரட்டையாகத் தெரிகிறதா?
– என் கண் முழுசாக, இறுக்கமாக மூடுகிறதா?
– மறுபக்க இமை இறங்க வாய்ப்பு எவ்வளவு?
– பிடிக்கவில்லை என்றால் இதைத் திருப்பி எடுக்க முடியுமா?
– மயக்க மருந்து டாக்டருக்கு என் நோய் பற்றி யார் சொல்வார்கள்?

மூன்றாவது கேள்விக்கு டாக்டர் கூடத் தேவையில்லை. வீட்டிலேயே கண்ணாடி முன் விரலால் தூக்கிப் பார்க்கலாம். அவர் பார்த்தார். இரண்டாகத் தெரிந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சு நிற்கிறது, மருந்து அளவை மாற்றியிருக்கிறார்கள், டேப் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். யாராவது வேடிக்கை பார்த்தால் திருப்பிப் பார்க்கிறாராம்.

கியூராரே ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்த கதை தனிப் பதிவுக்கு உரியது. அடுத்து அதை எழுதுகிறேன்.